உள்ளே என்ன இருக்கு?

பூட்டைத் திறந்துவிடச் சொல்லி யார் வந்து நின்றாலும் என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "கதவைத் திறந்ததும் உள்ளே என்ன இருக்கு, சொல்லுங்க." வந்தவர் தடுமாறாமல் சொல்லிவிட்டால் வீடு அவருடையது. திணறினால், "அப்புறம் வாங்க" என்று அரத்தை எடுத்துக்கொண்டு கடைக்குள் உட்கார்ந்துவிடுவார். திருடனுக்குக் கதவு தெரியும், பூட்டு தெரியும். உள்ளே வலது பக்கம் கிடப்பது நாற்காலியா மூட்டையா என்று எப்படித் தெரியும்? அவருடைய அப்பா காலத்திலிருந்து இதுதான் எங்கள் கடைச் சட்டம். ஒருதடவை ஒரு பெரிய மனிதர் தன் வீட்டு வாசலிலேயே திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியவில்லை. சம்சாரம் வந்து சொல்லித்தான் கதவு திறந்தது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். இப்போது அந்தக் கதையை அவர் எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைவீதி முடிகிற இடத்தில் எங்கள் கடை. கடை என்றா சொல்கிறேன், ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே போகவேண்டிய பொந்து. அவர் பூட்டு ரிப்பேர் பார்ப்பார், நான் சாவி வெட்டுவேன். வாடிக்கையாளர்கள் அவர் வெட்டியது என்று நினைத்துக்கொண்டு அவரைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். அவரும் மறுக்க மாட்டார்.

அந்தப் பெண் வந்த அன்று வானம் கறுத்துக்கொண்டு நின்றது. கறுப்பதோடு சரி, ஒரு சொட்டு விழவில்லை. உடம்பெல்லாம் கசகசவென்று எரிச்சல். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையோடு ஒரு சின்னப் பெண்.

"ஒரு பூட்டு வேணும்ண்ணே. நல்ல பூட்டா."

"எந்த வீட்டுக்கும்மா?"

"லாண்டரிக்குப் பின்னாடி, வரிசை வீடு. கடைசி ரூம்."

என் வீட்டுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நீ நம்ம கரண்ட்காரர் சம்சாரம் இல்ல?"

அவள் மாட்டியிருந்த பூட்டுகளைப் பார்த்தாள். கரண்ட்காரரைத் தெரியாதவர் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஃபேன் நின்றால், மோட்டார் புகைந்தால், ஃபியூஸ் போனால் ஒரு குரல் போதும். சாப்பாட்டுத் தட்டில் கை இருந்தாலும் எழுந்து வந்துவிடுவார். எங்கள் சாவி வெட்டும் மிஷின் மூச்சை விட்டபோது, கழட்டிப் பரப்பி, மாலைக்குள் ஓட வைத்தவர் அவர்தான். பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் "வாங்க போங்க"தான். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை.

"தனியாவா இருக்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பிள்ளையோட இருக்கேன்."

"ஏம்மா, கோபம் வராத ஆம்பளை உலகத்துல உண்டா? நானும் இவகிட்டக் கத்துறேன், இவளும் என்கிட்டக் கத்துறா. அதுக்காக இவ பூட்டைத் தூக்கிட்டுப் போயிட்டாளா?"

"பூட்டு என் கையிலதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றேன் நான். அவள் சிரிக்கவில்லை.

"எனக்குப் பூட்டு போதும்ண்ணே. புத்தி எல்லாரும் நிறையக் குடுத்துட்டாங்க."

மனுஷன் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். நல்ல பித்தளைப் பூட்டாக எடுத்துக் கொடுத்தார். சாவி இரண்டையும் அவளே வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணை வீட்டுல இன்னொருத்தர்கிட்டக் குடுத்து வைக்கிறது நல்லதும்மா. தொலைஞ்சா சிரமம்."

"இன்னொருத்தர் இல்லாம இருக்கத்தானே பூட்டே வாங்குறேன்."

கொண்டி மாட்ட நானும் கூடப் போனேன். லாண்டரிச் சுவரை ஒட்டி வரிசையாக அறைகள். சுவருக்கு அந்தப் பக்கம் கொதிகலன் இருப்பதால் அறைக்குள் எந்நேரமும் வெதுவெதுப்பு, சோப்பு வாடை. கதவைத் திறந்ததும் ஒரு தகரப் பெட்டி, ஆணியில் பிள்ளையின் சிவப்பு மழைக்கோட்டு, கால் ஒடிந்து செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டிய ஒரு நாற்காலி. மூலையில் குளியலறை. அவ்வளவுதான் குடித்தனம்.

அவர் சுவரைத் துளைத்துக்கொண்டிருக்க, நான் அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். லாண்டரியில் அவளுக்கு இஸ்திரி மேடையில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஹோட்டல் மேசை விரிப்பு என்று மலை மலையாக வரும். ஈரத்தோடு பரப்பி, இரும்பு மூடியை இறக்கி, ஆவி சீறி அடங்குவதற்குள் அடுத்ததை எடுக்க வேண்டும். இப்போது அவளை மடிக்கிற பக்கம் மாற்றியிருக்கிறார்கள்.

"ஏன், வேலையில ஏதாவது தப்பா?"

"மணிக்கட்டு தூக்க முடியலக்கா. சூப்பர்வைசரம்மா பார்த்தாங்க. என்ன ஆச்சுன்னு கேக்கல. 'சரியாகிற வரைக்கும் மடிப்புக்குப் போ'ன்னாங்க. போன தடவையும் அங்கதான் போட்டாங்க. ரொம்ப நல்லவங்க."

அந்த 'நல்லவங்க' என் காதில் உறுத்தியது. போன தடவை என்றால், எத்தனை தடவை?

"உங்க அம்மா வீடு?"

"போனேன். அம்மா சூடா சாப்பாடு போட்டாங்க. பிள்ளைக்குத் தலை சீவி விட்டாங்க. 'அவர் குடிக்கிறாரா? இல்ல. வேற பொண்ணு உண்டா? இல்ல. அப்ப என்னடி உனக்கு?'ன்னாங்க. அடிக்கிறார்ம்மான்னேன். 'நீ என்ன சொன்னே, அதுக்கு முன்னாடி?'ன்னு கேட்டாங்க. பெத்தவங்க கேக்கிற கேள்வியாக்கா இது? நான் தூங்கி எழுந்து பார்த்தா அவர் கூடத்துல உக்காந்து அம்மா வீட்டு மிக்ஸியை ரிப்பேர் பண்ணிட்டிருக்கார். அம்மாதான் வரச்சொல்லியிருக்காங்க."

"போலீஸுக்காவது போயிருக்கலாம்ல?"

"போகாமலா? அடிச்ச தடம் காட்டுன்னார். காட்டினேன். 'இது லாண்டரியில சுட்டுக்கிட்டதா இருக்கும்'னார். 'புருஷன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் நாங்க வந்தா திருடனை யார் பிடிக்கிறது?'ன்னு சிரிச்சார். அப்புறம் அவரே போன் போட்டு, 'உங்க சம்சாரம் இங்கதான் இருக்கு, வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு சொல்லிட்டார். ஸ்டேஷன்ல அத்தனை ஃபேனும் இவர் மாட்டினதுதானேக்கா."

"வந்தாரா?"

"வந்தார். எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டார். டீ வாங்கிக் குடுத்தார். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனார்."

பிள்ளை தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வயதுப் பிள்ளை இப்படி ஆடாமல் அசையாமல் உட்காருமா? பூட்டைப் பூட்டித் திறந்து, பூட்டித் திறந்து, திருப்தியான பிறகுதான் அவள் எங்களை விட்டாள்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், அன்றைக்கும் அதே கறுப்பு வானம், அதே புழுக்கம். வெளிவேலைக்குப் போன என் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். வழக்கமாக வரும்போதே முனகிக்கொண்டு வருகிற ஆள்.

"என்ன, புதையல் கிடைச்சுதா?" என்று டீயை நீட்டினேன்.

"ஒரு குடும்பத்தைச் சேர்த்து வெச்சுட்டு வர்றேன்டி."

"யார் குடும்பத்தை?"

"நம்ம கரண்ட்காரர் குடும்பத்தைத்தான். பாவம்டி, பாதி ஆளா இளைச்சுட்டார். வழியில பிடிச்சுக்கிட்டு நடுத்தெருவுல அழறார். 'அண்ணே, பிள்ளை முகத்தைப் பார்க்காம இருக்க முடியல. மாமியாரே இடத்தைச் சொல்லி அனுப்பிட்டாங்க, நீங்க கதவை மட்டும் திறந்துவிடுங்க'ன்னார்."

என் கையில் இருந்த சாவி கீழே விழுந்தது. "திறந்தீங்களா?"

"சும்மா திறப்பேனா? நான் என்ன நேத்து கடை வெச்சவனா? என் கேள்வியைக் கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டு ஒப்பிக்கிறார்டி. தகரப் பெட்டி, சிவப்பு மழைக்கோட்டு, கால் ஒடிஞ்ச நாற்காலின்னு ஒண்ணு விடாம. திறந்து பார்த்தா அப்படியே இருக்கு!"

"ஐயோ மனுஷா!" என்று கத்தினேன். "அது அத்தனையும் அவ அவர் வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்த சாமான். அந்த நாற்காலிக் காலுக்குக் கம்பி சுத்தினதே அவரா இருக்கும். அவருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

டீ டம்ளர் அவர் வாய்வரைக்கும் போய் அங்கேயே நின்றது. தப்பு புரிகிறபோது அவர் முகம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிடும். பார்க்கப் பாவமாக இருக்கும். அன்றைக்கு எனக்குப் பாவமாக இல்லை. ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

"இப்ப எங்க அவர்?"

"உள்ளதான்."

"உள்ளன்னா?"

"'வெளியில பூட்டிட்டுப் போங்கண்ணே, அவ வந்து திறக்கும்போது திடீர்னு பார்த்து சந்தோஷப்படட்டும்'னார். பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்கிட்டு வந்திருக்கார்டி. நான் பூட்டை அழுத்தி மாட்டிட்டு வந்துட்டேன்."

வெளியே பூட்டு தொங்கும். எப்போதும் போலத் தொங்கும். அவள் வருவாள். பூட்டைப் பார்த்து நிம்மதியாகச் சாவியைப் போடுவாள். மிஷினைக்கூட நிறுத்தாமல் தெருவில் இறங்கி ஓடினேன்.

லாண்டரியில் வேலை விட்டுவிட்டார்கள். பெண்கள் கும்பலாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள், எல்லாருக்கும் ஆவியில் ஊறி வெளுத்துப்போன விரல்கள். அவள் வாட்ச்மேன் அறையில் காத்திருந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பினாள். கையில் சாவி தயாராக இருந்தது.

"போகாதே" என்றேன். மூச்சு வாங்கியது. "உள்ள இருக்கார். பூட்டு பூட்டியபடிதான் இருக்கு. ஆனா உள்ள இருக்கார்."

அவள் அலறுவாள் என்று நினைத்தேன். அலறவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வேலைப் பை கொண்டு வந்திருந்தாராக்கா?"

பின்னாலேயே ஓடிவந்து நின்ற என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். "தோள்ல மாட்டியிருந்தார்ம்மா. எப்பவும் மாட்டியிருப்பார்தானே?"

"அப்ப பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழட்டியிருப்பார்" என்றாள் அவள். "நான் ஓடிப்போய் ஒளியிற இடம் அதுதான். அந்த வீட்டுலயும் முதல்ல அதைத்தான் கழட்டினார்."

அவள் சாவி இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன்க்கா. கூட வேலை பார்த்தவ ஒருத்தி வெளியூர்ல இருக்கா, அவ இருக்கிற இடம் எங்க அம்மாவுக்குத் தெரியாது. எந்த பஸ் முதல்ல கிளம்புதோ அதுல ஏறி எங்கேயாவது மாறிக்குவேன். பஸ் கிளம்புற வரைக்கும் அந்தக் கதவு திறக்கக் கூடாது. அது மட்டும் செய்யுங்க."

மாற்றுத்துணி இல்லை, ஒன்றும் இல்லை. பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். ஓடினால் நாலு பேர் கேட்பார்கள் என்று வேக நடையாகப் போனாள். அப்படியும் கேட்டார்கள். "எங்க, பிள்ளையோட பஸ் ஸ்டாண்டு பக்கமா?" என்று டீக்கடையிலிருந்து ஒரு குரல். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

நாங்கள் வரிசை வீட்டுக்குப் போனபோது அங்கே கூட்டம் கூடிவிட்டது. காத்திருந்து பார்த்துவிட்டு, ஆள் வரவில்லை என்றதும் கரண்ட்காரர் ஜன்னலைத் தட்டிக் குரல் கொடுத்திருக்கிறார். அந்த அறைகளை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என் வீட்டுல இப்படி ஒரு கொடுமையா! கட்டின புருஷனை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிருக்காளே! எங்க வீட்டுத் தண்ணி மோட்டாரை நேத்துகூடப் பார்த்துக் குடுத்தாரே!"

யாரோ ஜன்னல் கம்பி வழியாகத் தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ விசிறினார்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அவளைத் திட்டாதீங்க, கோவத்துல இருக்கா" என்றார். அதைக் கேட்டு இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தப் பொம்மையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஜன்னலில் வைத்திருந்தார்.

நான் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். விளக்கு எரிந்தது. குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள். கழட்டிய தாழ்ப்பாளும் திருகாணிகளும் நாற்காலிமேல் ஒழுங்காக அடுக்கியிருந்தன. பூட்டுக் கடைக்காரி நான், திருகாணியைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான்.

"அங்க பாருங்க!" என்று கத்தினேன். "பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழட்டி வெச்சிருக்கார். எதுக்குன்னு கேளுங்க!"

வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள். "அடப் பாவமே! அது ரொம்ப நாளா லொடலொடன்னு கிடந்துச்சு. அடைச்சு வெச்ச இடத்துலயும் சும்மா இருக்காம வேலை பார்த்திருக்கார் பாரு. இந்த மனுஷனையா..." என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அதற்குள் போலீஸ்காரர் வந்துவிட்டார். போன் போட்ட கையோடு வந்துவிட்டார். அன்றைக்குத் திருடன் யாரும் இல்லை போலிருக்கிறது.

"யார் பூட்டினது?"

"நான்தான் சார்" என்றார் என் வீட்டுக்காரர். "அவர்தான் பூட்டச் சொன்னார். அந்தப் பொண்ணு இந்தப் பக்கமே வரல."

போலீஸ்காரர் அவர் தோளைத் தட்டினார். "நல்ல மனசுய்யா உனக்கு. அதுக்காக அவ பண்ணினதை உன் தலைல ஏத்துக்காதே. திற." ஜன்னலுக்குள் நின்றவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் கம்பியை எடுத்துக்கொண்டு பூட்டின் முன்னால் உட்கார்ந்தார். அவர் கைக்கு அந்தப் பூட்டு ஒரு தும்மல் நேரம். பஸ் கிளம்பியிருக்குமா? பிள்ளையை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருப்பாளா? எனக்கு என்ன தோன்றியதோ, "தள்ளுங்க, சாவி என்கிட்ட இருக்கு" என்று அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

"இவ்வளவு நேரம் ஏம்மா சொல்லல?" என்று போலீஸ்காரர் அதட்டினார்.

சாவியைப் பாதிதான் உள்ளே விட்டேன். சின்னச் சாவி. பாதியில் பிடித்து முறுக்கினால் கழுத்து தாங்காது. மூச்சைப் பிடித்து ஒரு முறுக்கு. டக்கென்று ஒடிந்து தலை என் விரலோடு வந்துவிட்டது, மிச்சம் பூட்டுக்குள். இனி கம்பியும் போகாது, இன்னொரு சாவியும் போகாது.

கூட்டம் உச்சுக் கொட்டியது. என் வீட்டுக்காரர் ஒடிந்த தலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எத்தனை ஆயிரம் சாவி வெட்டிய கை இது என்று அவருக்குத் தெரியாதா? "புதுப் பூட்டு சார். சில சமயம் இப்படித்தான் ஆகும்" என்றார். தன் பூட்டைத் தானே குறை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு, ஒடிந்த துண்டை எடுக்கிறேன் என்று இடுக்கியைத் தேடினார், துடைத்தார், எண்ணெய் விட்டார், மறுபடியும் துடைத்தார். அவ்வளவு மெதுவாக அவர் வேலை பார்த்து நான் பார்த்ததில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அங்கேயே பாதி போய்விட்டது.

மீதி கோபத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. போலீஸ்காரர் பொறுமை இழந்து, லாண்டரியிலிருந்து கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். இரண்டு நெம்பு. கொண்டியோடு பூட்டு பிய்ந்து விழுந்தது.

கரண்ட்காரர் வேலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினார். முகத்தில் வியர்வை, உதட்டில் அதே பணிவு.

"எல்லாரையும் சிரமப்படுத்திட்டேன், மன்னிச்சுக்கோங்க. அவ எந்தப் பக்கம் போனான்னு யாராவது பார்த்தீங்களா? இருட்டிட்டு வருது, பிள்ளை வேற கூட இருக்கு."

வீட்டுக்காரம்மா கையை நீட்டினாள். டீக்கடைக்காரர் நீட்டினார். மடிப்பு மேடையில் அவளோடு விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவள், அவளும் நீட்டினாள். எல்லாக் கையும் பஸ் ஸ்டாண்டு பக்கம். "இப்பதான் போனா", "வேகமாப் போங்க, பிடிச்சிடலாம்" என்று ஆளாளுக்கு முந்திக்கொண்டு சொன்னார்கள்.

"சொல்லாதீங்க! அவளைக் கொன்னுடுவார்!" என்று நான் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. "என்ன வாய் இது, நல்ல நேரத்துல" என்று ஒருத்தி என்னை முறைத்தாள்.

போலீஸ்காரர் பைக்கைத் திருப்பி நிறுத்தினார். "நடந்து போய் எப்பப் பிடிக்கிறது? ஏறுங்க, நானே கொண்டுபோய் விடுறேன்."

அவர் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். கூட்டம் விலகி வழி விட்டது. நான் பின்னாலேயே ஓடினேன். பைக்கை ஓடிப் பிடிக்க முடியுமா, முடியாது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரும் இடுக்கியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார். கடைவீதியில் எல்லாரும் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். யாரும் என்ன என்று கேட்கவில்லை.